பை இல்லாமல் ஒரு நாள் அந்த வீட்டுக்குப் போங்கள்

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் வீடு வீடாகப் போய் வலி தணிப்புச் சிகிச்சை பார்க்கும் செவிலியர் நான். வயது 41. ஸ்கூட்டியில் ஒரு நாளைக்கு ஏழெட்டு வீடு. புற்றுநோய், பக்கவாதம், படுக்கைப் புண் என்றே நாள் போகும். மூன்று வருடமாக நான் பார்த்து வந்த ஒரு பாட்டி பங்குனியில் இறந்துபோனார். போனில் தகவல் வந்ததும் எனக்கு முதலில் தோன்றியது, ‘நாளையிலிருந்து ஒரு வீடு குறைவு’ என்பதுதான். அழுகை வரவில்லை, இன்றுவரை வரவில்லை. அதிலிருந்து என்னைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கிறது. கோயிலுக்குப் போனாலும் மனம் நிற்பதில்லை. வேலைப்பளு பற்றிச் சொன்னால், ‘என் கடன் பணி செய்து கிடப்பதே என்று அப்பரே பாடியிருக்கிறார், சேவைதானே பெரிய பூசை’ என்கிறார் மேலதிகாரி. நான் கெட்டவளாகிவிட்டேனா? தியானம் ஏதாவது கற்றுக்கொள்ளலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கெட்டவளாகிவிடவில்லை. மனம் கெட்டவர் அப்படி ஓர் எண்ணம் வந்ததற்காகப் பயப்பட மாட்டார், பங்குனியிலிருந்து அதைச் சுமந்துகொண்டு திரியவும் மாட்டார்.

நெடுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறதே, அது போலத்தான் இது. பாரம் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டே இருந்தால் உணர்வு போய்விடும். எழுந்து நடந்தால் திரும்பி வரும், வரும்போது முதலில் குத்தும். துக்கத்தின் பக்கத்திலேயே வருடக்கணக்கில் நிற்பவர்களின் மனதுக்கும் இது நடக்கிறது. 1992-ல் செவிலியர்களைப் பற்றிய எழுத்தில்தான் ‘பரிவுச் சோர்வு’ என்ற பெயர் இதற்குப் புழக்கத்தில் வந்தது. இதற்கு நெருங்கிய உறவு பணிச்சோர்வு. உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11-ஆம் பதிப்பில் பணிச்சோர்வை நோய் என்று சொல்லவில்லை, வேலையிடத்தோடு சேர்ந்த ஒரு நிலை என்கிறது. அதற்கு மூன்று அடையாளங்கள்: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகுவது அல்லது கசந்துபோவது, செய்கிற எதுவும் உருப்படியாக இல்லை என்று தோன்றுவது. உங்களுக்கு வந்த ‘ஒரு வீடு குறைவு’ என்ற எண்ணம் இதில் இரண்டாவது. ‘வேலையிடத்தோடு சேர்ந்த நிலை’ என்ற சொல்லை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மேலதிகாரியிடம் பேசும்போது தேவைப்படும்.

எனக்கும் இது வந்தது. 2005 தொடக்கத்தில், சுனாமி அடித்துச் சில வாரங்கள் கழித்து, நாகப்பட்டினத்தில் அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் மக்களோடு மனநல ஆதரவுப் பணியில் இருந்தேன். ஒரு நாள் மதியம், இரண்டு பேரப்பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த ஓர் அம்மா, என் கையிலிருந்த பதிவேட்டை வாங்கித் தரையில் வைத்துவிட்டு, “சாப்ட்டியா புள்ள?” என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. “நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கம்மா” என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் எவர்சில்வர் டம்ளரில் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார். பாதி குடித்ததும் கை நடுங்க ஆரம்பித்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பதிவேடு கையில் இல்லாமல் இருபது நாளாக யார் பக்கத்திலும் நான் உட்காரவில்லை என்பதும் தெரிந்தது. யாராவது அன்பாகக் கேட்டால் கோபம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், அழுகை வராததை விட அதுதான் முந்தைய அறிகுறி என்பது என் அனுபவம்.

சரி, உங்கள் மேலதிகாரி சொன்ன வரிக்கு வருவோம். அந்தத் தேவாரம் காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் உள்ள கடம்பூர்த் தலத்துக்கு உரியது. நாம் எல்லோரும் கடைசி வரியை மட்டும் பிடித்துக்கொள்கிறோம். அதற்கு முந்தைய வரி, ‘தன் கடன் அடியேனையும் தாங்குதல்.’ தாங்குவது அவன் கடன், பணி செய்து கிடப்பது என் கடன். இரண்டும் சேர்ந்துதான் பாட்டு. ‘அடியேனையும்’ என்பதில் ஓர் ‘உம்’ இருக்கிறது, பாருங்கள். தாங்கப்பட வேண்டியவர்களின் வரிசையில் அப்பர் தன்னையும் நிறுத்திக்கொள்கிறார். முந்தைய வரியை விட்டுவிட்டுக் கடைசி வரியை மட்டும் ஒரு செவிலியரிடம் சொன்னால், அவர் தோளில் பாரத்தைக் கூட்டியதாகத்தான் ஆகும்.

அப்பர் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். கையில் உழவாரப்படையோடு கோயில் கோயிலாகப் புல் செதுக்கியவர், சூலை நோயில் துடித்து அக்கா திலகவதியாரைத் தேடித் திருவதிகைக்குப் போனவர். முதலில் அவரை ஒருவர் பார்த்துக்கொண்டார், பணி அப்புறம் வந்தது. முதுமையில் கயிலைக்குப் புறப்பட்டு, கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பால் ஊர்ந்து போனபோது அவருக்குக் கிடைத்த பதில் ‘திருவையாற்றுக்குப் போ, அங்கே காண்பாய்’ என்பது. உடம்பைத் தேய்த்தால்தான் காட்சி என்று அந்தக் கதை சொல்லவில்லை. ஆடி அமாவாசைக்கு ஐயாற்றில் கூட்டம் கூடும்போதெல்லாம் எனக்கு உங்களைப் போன்றவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள்.

இனி, என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

தியானத்தை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். களைத்த உடம்பு கண்ணை மூடினால் தூங்கிவிடும், அப்புறம் ‘தியானம் கூட வரவில்லை’ என்று அதற்கும் ஒரு குற்ற உணர்வு சேரும். முதலில் சோறு, தண்ணீர், தூக்கம். இதைச் சொல்லக் கூச்சப்படத் தேவையில்லை: வீடு வீடாகப் போகும் பெண்கள் பலர், வழியில் கழிப்பறைக்கு இடம் இல்லை என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். சித்திரை வெயிலில் வயல் ரோட்டில் ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு மதியம் மூன்று மணிவரை இப்படி இருந்தால் தலைவலி, எரிச்சல், சிறுநீர்த் தொற்று எல்லாம் வரும். பாதி மனச்சோர்வு இங்கிருந்தே தொடங்குகிறது. உங்கள் வழியில் பழக்கமான இரண்டு வீடுகளையாவது இதற்காகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எத்தனையோ வருடமாக நீங்கள் போகிற வீடுகள், யாரும் மறுக்க மாட்டார்கள். டிபன் பாக்ஸைத் திறக்க ஒரு நேரம் வையுங்கள். ஒரு மணி என்றால் ஒரு மணி.

அடுத்தது, ஒரு வீட்டுக்கும் மறு வீட்டுக்கும் நடுவே உள்ள நேரம். துக்க வீட்டுக்குப் போய் வந்தால் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் நம் வீட்டுக்குள் வருவோம். தீட்டு என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. ஆனால் அந்தத் தண்ணீருக்கு இன்னொரு வேலையும் உண்டு. ‘அந்த வீட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தாய்’ என்று அது உடம்புக்குச் சொல்கிறது. உங்களுக்கு அந்தக் குளியல் கிடையாது. வாய்ப் புற்றுநோய்ப் புண்ணில் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவிக் கட்டு மாற்றிய கையோடு, அந்த நாற்றம் மூக்கில் இருக்கும்போதே, அடுத்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்துகிறீர்கள். எட்டு வீடும் ஒரே நாளில் உள்ளே குவிகின்றன.

எப்படியும் கை கழுவுகிறீர்கள். சோப்புப் போட்டு முறைப்படி கழுவ 40 முதல் 60 வினாடி ஆகும் என்று பயிற்சியில் படித்திருப்பீர்கள். அந்த ஒரு நிமிடத்தை இதற்கு எடுத்துக்கொள்ளுங்கள். நுரை போடும்போது, இப்போது பார்த்தவரின் பெயரை மனதுக்குள் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றும்போது, ‘என்னால் ஆனதைச் செய்தேன், மிச்சத்தைத் தாங்குபவர் தாங்கட்டும்’ என்று விடுங்கள். சாமி பெயர் உங்கள் விருப்பம். வேளாங்கண்ணி மாதாவைச் சொல்பவர் மாதாவைச் சொல்லட்டும், நாகூரில் துஆ கேட்பவர் துஆ கேட்கட்டும், கடவுள் நம்பிக்கை இல்லாதவர் மூச்சை மட்டும் முழுதாக விடட்டும். நான் பயிற்சி கொடுத்தவர்களில் மற்ற எல்லாவற்றையும் விட்டவர்கள்கூட இதை விடவில்லை. தனியாக நேரம் கேட்காத பழக்கம் என்பதால்தான் அது நிற்கிறது.

இரவில் மூன்று வரி எழுதுங்கள். கேஸ் நோட்டில் எழுதாதீர்கள், அதற்கென்று வேறு நோட்டு வையுங்கள். இன்று எந்த இடத்தில் மனம் இளகியது? எந்த இடத்தில் கல்லாக நின்றேன்? யாரிடம் ஒரு சொல் அதிகமாகப் பேசிவிட்டேன்? கத்தோலிக்கர்கள் ஆன்ம சோதனை என்பார்கள், 16-ஆம் நூற்றாண்டில் புனித இஞ்ஞாசியார் வகுத்துக் கொடுத்த பழக்கம். முஸ்லிம் நண்பர்கள் முஹாசபா என்பார்கள், தன்னோடு தானே கணக்குப் பார்ப்பது. கணக்குப் பார்ப்பது அபராதம் போட்டுக்கொள்வதற்காக இல்லை. ‘கல்லாக நின்றேன்’ என்று எழுதினால் அதோடு நோட்டை மூடிவிடுங்கள், ஏன் அப்படி நின்றேன் என்று உங்களைத் திட்டி நாலாவது வரி எழுதாதீர்கள். நோயாளிகளின் பெயரும் வேண்டாம், நோட்டு யார் கையிலாவது கிடைக்கலாம்.

கோயிலைப் பற்றி ஒன்று. அதை விடாதீர்கள். பிரதோஷக் கூட்டத்தில் தள்ளுமுள்ளில் நின்று மனம் நிற்கவில்லை என்று சொன்னால் எப்படி நிற்கும்? நம் பக்கத்தில் நாலு மைலுக்கு ஒரு பெரிய கோயில், பல கோயில்களில் சாதாரண நாள் மாலை நடை திறந்த கொஞ்ச நேரத்துக்கு யாருமே இருக்க மாட்டார்கள். அப்போது போய்ப் பிராகாரத்துத் தூணில் சாய்ந்து கால் மணி நேரம் உட்காருங்கள். எதுவும் வேண்டிக்கொள்ள வேண்டாம். மனம் ஓடினால் ஓடட்டும், உடம்பு அங்கே இருந்தால் போதும். வாரத்துக்கு ஒரு முறை.

இத்தனையும் நீங்கள் மட்டும் செய்து தீர்கிற விஷயம் இல்லை. ‘வேலையிடத்தோடு சேர்ந்த நிலை’ என்றேனே, அதை மேலதிகாரியிடம் எடுத்துச் சொல்லுங்கள். 2021 ஆகஸ்ட் 5-ல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியதிலிருந்து இந்த மாநிலத்தில் எத்தனையோ பெண்கள் மருந்துப் பையோடு வாசல் வாசலாகப் போகிறார்கள். அவர்களைத் தேடி யார் போவது என்ற கேள்வி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஒரு நாள் மண்டபத்தில் உட்காரவைத்து மன அழுத்தப் பயிற்சி கொடுத்து அனுப்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வாரம் அரை மணி நேரம், டீயோடு, ரிப்போர்ட் பேசாமல், இறந்தவர்களைப் பற்றி மட்டும் பேசுகிற ஒரு கூடல் கேளுங்கள். அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜொனாதன் பார்ட்டல்ஸ் என்ற செவிலியர், ஒருவர் இறந்தவுடன் சுற்றி நிற்கும் எல்லோரும் ஒரு நிமிடத்துக்கு மேல் போகாமல் மௌனமாக நிற்கும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். அது பல மருத்துவமனைகளுக்குப் பரவியது. காசு செலவில்லாத காரியம், உங்கள் குழுவிலும் நாளையே தொடங்கலாம்.

விடுப்பு கேட்கக் கூச்சமாக இருந்தால் உங்கள் மேலதிகாரிக்குத் தெரிந்த கணக்கையே சொல்லுங்கள். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பதும் ஜனவரி 28-ல் மூடுவதும் நம் வழக்கம். நடுவில் தண்ணீர் நிற்கிற மாதங்களில்தான் வாய்க்காலைத் தூர்வார முடியும். வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில் யார் இறங்கி மண் எடுப்பது?

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, பசி போய், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், அல்லது செத்துப்போகலாம் என்று ஒரு முறை தோன்றினாலும் இந்தப் பழக்கங்களை நம்பிக் காத்திருக்காதீர்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. நோயாளியின் வலியில் உடல், மனம், குடும்பம், ஆன்மா எல்லாம் சேர்ந்திருக்கிறது என்று வலி தணிப்புச் சிகிச்சையின் முன்னோடி சிசிலி சாண்டர்ஸ் சொன்னதை நீங்கள் படித்திருப்பீர்கள். செவிலியரின் வலிக்கும் அந்தக் கணக்கு உண்டு, மருத்துவரிடம் போவதும் அதில் அடங்கும்.

கடைசியாக அந்தப் பாட்டி. மூன்று வருடம் வாரா வாரம் போன வீடு, இறந்த பிறகு போயிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். பதினாறாம் நாள் காரியத்துக்கும் வேலை விட்டிருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போங்கள். பை வேண்டாம், பிபி மிஷின் வேண்டாம். ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் படுத்திருந்த கட்டிலை எடுத்திருப்பார்கள். அந்த இடத்தைப் பார்க்கும்போது ஏதாவது வந்தால் வரட்டும், வராவிட்டாலும் பரவாயில்லை. பாட்டியைப் பற்றி அவர்கள் பேசுவார்கள், நீங்களும் உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். கட்டு மாற்றும்போது அவர் உங்களிடம் மட்டும் சொன்னது ஏதாவது இருக்கும், மகளுக்குக்கூடத் தெரிந்திருக்காது. காபி கொடுத்தால், அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிடாதீர்கள். அன்றைக்கு அடுத்த வீடு கிடையாது, உட்கார்ந்து குடியுங்கள்.