கேளுங்கள், சொல்கிறேன்: ஒரு பவுண்டுக்குப் போன கப்பல்

கேள்வி: டைட்டானிக் கதை கேட்டுச் சலித்துவிட்டது. கரையோரமாகச் சரக்கு ஏற்றிப் போன சின்ன நீராவிக் கப்பல் ஏதாவது இன்னும் மிச்சம் இருக்கிறதா? (தூத்துக்குடி வாசகர்)

இருக்கிறது. பெயர் ராபின். 1890இல் லண்டனில், தேம்ஸ் நதிக்கரையில் கட்டியது. நீளம் சுமார் 143 அடிதான். கரி, தானியம், இரும்புத் தாது, பழைய இரும்பு, பீங்கான் களிமண் என்று கிடைத்ததையெல்லாம் ஏற்றிக்கொண்டு பிரிட்டனின் சின்னச் சின்னத் துறைமுகங்களுக்குப் போய்வந்தது. கால அட்டவணை எல்லாம் கிடையாது, லோடு எங்கே கிடைக்கிறதோ அங்கே போக வேண்டியதுதான், நம்ம ஊர் லாரிக்காரர் மாதிரி. சின்ன உடம்பு என்பதால் பெரிய கப்பல் எட்டிப் பார்க்க முடியாத இடத்திலும் நுழைந்துவிடலாம். உங்கள் ஊரில் பெரிய கப்பல்கள் ஆழம் போதாமல் தள்ளி நின்றுகொள்ள, தோணிகள் சரக்கைக் கொண்டுபோய் ஏற்றிய கதை உங்களுக்கே தெரியும். அந்தத் தொல்லை இதற்குக் குறைவு.

பத்து வருடத்தில், 1900இல், ஸ்பெயின்காரர்களுக்கு விற்றுவிட்டார்கள். அங்கே 'மரியா' என்று பெயர் மாறி, வட ஸ்பெயின் கரையில் 1974 வரை உழைத்தது. எழுபத்து நாலு வருடம்! இங்கிலாந்திலேயே இருந்திருந்தால் எப்போதோ உடைத்து எடைக்குப் போட்டிருப்பார்கள், அல்லது டீசல் எஞ்சின் வைத்து உருவத்தையே மாற்றியிருப்பார்கள். புது உரிமையாளர்களோ ஓடுகிற எஞ்சினை எதற்குக் கழற்ற வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். 1890இல் வைத்த அதே எஞ்சின்! பாதுகாக்க வேண்டும் என்று யாரும் நினைக்காததால் பிழைத்த கப்பல் என்றுதான் நான் சொல்வேன்.

கேள்வி: அந்தக் காலக் கப்பல் எஞ்சினுக்கு மூன்று சிலிண்டர் எதற்கு? ஒன்றே பெரிதாக இருந்தால் போதாதா? (பாலிடெக்னிக் மாணவர், காரைக்கால்)

நல்ல கேள்வி. வீட்டில் ஃபில்டர் காபி போடுகிறார்களா? முதல் டிகாக்‌ஷன் இறங்கிய பிறகும் பொடியில் கொஞ்சம் சாரம் இருக்கும், அதை வீணாக்காமல் இரண்டாவது டிகாக்‌ஷன் எடுப்பார்கள் இல்லையா, நீராவியிலும் அதே சிக்கனம்தான் (உவமை முழுசாகப் பொருந்தாது, கோபிக்க வேண்டாம்). பாய்லரிலிருந்து வரும் ஆவி முதலில் சின்ன சிலிண்டரில் பிஸ்டனைத் தள்ளுகிறது. வெளியே வரும்போது அழுத்தம் குறைந்திருக்கும், ஆனால் வலு தீர்ந்திருக்காது. அதனால் அதே ஆவி இரண்டாவதற்கும் பிறகு மூன்றாவதற்கும் போகிறது. ஆவி தளரத் தளர விரிவதால் அதற்கு இடமும் வேண்டும், தள்ளுவதற்குப் பரப்பும் அதிகம் வேண்டும், ஆகவே ஒவ்வொரு சிலிண்டரும் முந்தையதைவிட அகலம். ஒரே சிலிண்டர் என்றால் மிச்ச வலு அப்படியே வீண்.

அப்புறம் அந்த ஆவியையும் விடுவதில்லை. கடல்நீர் ஓடும் குழாய்களின் மேல் படவைத்துக் குளிரவைத்து, தண்ணீராக்கி, மறுபடி பாய்லருக்கே அனுப்புவார்கள். கடல் தண்ணீரையே நேராகக் காய்ச்சினால் என்ன என்று கேட்பீர்கள். போர் தண்ணீர் காய்ச்சுகிற பாத்திரத்தின் அடியைப் பாருங்கள், வெள்ளையாகப் படிந்திருக்குமே, அதுதான் இன்னும் மோசமாக நடக்கும். இத்தனை பாடும் கரியை மிச்சம் பிடிக்கத்தான். எரிகரி குறைந்தால் செலவு குறைகிறது, கரி வைக்கிற இடத்தில் கூலி தருகிற சரக்கை வைக்கலாம்.

கேள்வி: நீராவிக் கப்பலில் யாருக்கு வேலை கஷ்டம்? (வாசகி, கும்பகோணம்)

சந்தேகமே இல்லாமல் உலைக்குக் கரி தள்ளுகிறவருக்கு. மண்வாரியால் கரி போட்டால் மட்டும் போதாது, தீயைக் கிளறிப் பரப்ப வேண்டும், கட்டிதட்டிய கசடை நீளக் கம்பியால் உடைத்து இழுக்க வேண்டும், சாம்பலைத் தூக்கிக்கொண்டுபோய்க் கடலில் கொட்ட வேண்டும், அதுவும் கப்பல் ஆடிக்கொண்டே இருக்கும்போது! ஆவி குறைந்தால் திட்டு விழுவதும் அவருக்கே.

கேள்வி: ராபினில் ஏறிப் பயணம் போக முடியுமா? (வாசகர், திருச்சி)

முடியாது. 1974இல் ஒரு அறக்கட்டளை வாங்கிப் பழுதுபார்த்து லண்டனில் வைத்தது. 2002இல் ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. உடனே 'எனக்கும் ஒரு கப்பல்' என்று கிளம்பிவிடாதீர்கள். சில வருடம் கழித்துப் பழுதுபார்க்கக் கொண்டுபோனபோது அடித்தகடுகள் மெலிந்துபோய், இனி தானாக மிதக்காது என்று தெரிந்தது. கடைசியில் 2010இல் ஒரு பெரிய மிதவையைச் செய்து, அதன்மேல் தூக்கி உட்காரவைத்தார்கள். இந்த வேலைக்கெல்லாம் பல லட்சம் பவுண்டு செலவு.