திறக்கும் முன் வாசலைப் பாருங்கள்: வீட்டுத் தேனீப் பெட்டி, கேள்வி பதில்

மார்த்தாண்டம் பக்கத்தில் அப்பா காலத்திலிருந்து பெட்டி வைத்திருக்கும் வீடு எங்களுடையது. வீட்டில் ஒன்றிரண்டு பெட்டி வைத்திருப்பவர்கள் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறைய வந்துவிட்டது. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். பெட்டிக்குள் யார் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்பது பிடிபட்டால் பாதிக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள். கீழே உள்ளதெல்லாம் நம்ம ஊர் அடுக்குத் தேனீக்கு, அதாவது பொந்துத் தேனீக்கு.

அண்ணா, பெட்டி வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. தினமும் திறந்து தேடுகிறேன், ராணி கண்ணில் படவே இல்லை. இருக்கிறதா, செத்துவிட்டதா? (திண்டுக்கல், மாடித்தோட்டம்)

தம்பி, தினமும் திறப்பதை முதலில் நிறுத்துங்கள். புழு இருக்கும் அடையை (சின்னச் சின்ன அறைகளால் ஆன மெழுகுத் தட்டு) 35 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்திருக்க அவை ராப்பகலாகப் பாடுபடுகின்றன, நீங்கள் மூடியைத் தூக்கும்போதெல்லாம் அந்தச் சூடு போய்விடுகிறது. நம்ம தேனீ ரொம்பப் பயந்த சுபாவம். சட்டத்தை, அதாவது அடை தொங்கும் மரச்சட்டத்தை, எடுத்த உடனே அடையின் ஓரத்துக்கு ஓடும், அந்தக் கூட்டத்தில் ராணியும் ஓடிவிடுவாள்.

ராணியைப் பார்க்கத் தேவையே இல்லை, முட்டையைப் பார்த்தால் போதும். வெயில் உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து விழும்படி நின்று, சட்டத்தைக் கொஞ்சம் சாய்த்து, அறையின் அடியைப் பாருங்கள். அரிசி நொய்யைவிடச் சன்னமாக, வெள்ளை நூல் துண்டு மாதிரி இருக்கும். இன்று இட்டது நட்டமாக நிற்கும், அடுத்த நாள் சாயும், மூன்றாம் நாள் படுத்துவிடும். அறைக்கு ஒரு முட்டை நடுவில் இருந்தால் மூன்று நாளைக்குள் ராணி அங்கே வந்து போயிருக்கிறாள். மூடிவிட்டு வந்துவிடுங்கள்.

இன்னொன்று. ராணி என்று பேர் வைத்ததால் அவள் உத்தரவு போடுகிறாள் என்று நினைக்கிறோம். அவள் வேலை முட்டையிடுவது. தான் இருப்பதைத் தன் வாசனையால் கூட்டம் முழுவதற்கும் தெரியப்படுத்துகிறாள். முட்டை கூட வேண்டுமா குறைய வேண்டுமா என்பது பணித்தேனீக்கள் கையில்தான் இருக்கிறது. அவளுக்கு ஊட்டுவதைக் குறைத்தால் முட்டையும் குறையும்.

ஒவ்வொரு தேனீக்கும் ஒரு வேலை என்கிறார்களே, பிறக்கும்போதே முடிவாகிவிடுமா?

இல்லை, வயதைப் பொறுத்து மாறும். தேனீயாகி அறையை விட்டு வெளியே வந்த முதல் இரண்டு மூன்று நாள் அறைகளைச் சுத்தம் செய்யும். பிறகு தலையில் உள்ள சுரப்பி வேலை செய்யத் தொடங்கும், அப்போது புழுக்களுக்குப் பாலூட்டும் தாதி. இரண்டு வாரம் நெருங்கும்போது வயிற்றில் மெழுகு சுரக்கும், அடை கட்டும், கொண்டுவந்த தேனை வாங்கி வைக்கும். அப்புறம் வாசல் காவல். மூன்று வாரம் தாண்டினால் பூவுக்குப் போகும், அலைச்சலிலேயே உயிர் போகும். வேலை மும்முரமான காலத்தில் மொத்த ஆயுசே ஆறு வாரம்தான்.

இது கல்லில் எழுதின முறை கிடையாது. தாதிகள் குறைந்தால் மூத்தவை மறுபடி ஊட்டப் போகும், வெளியே போவதற்கு ஆள் இல்லையென்றால் இளசுகள் சீக்கிரமே கிளம்பும்.

கூட்டத்தைப் பிரிக்கிறவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும். புதுப் பெட்டியைத் தோட்டத்தின் இன்னொரு மூலையில் வைத்தீர்கள் என்றால் பூவுக்குப் போகும் மூத்த தேனீக்கள் எல்லாம் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். புதுப் பெட்டியில் இளசுகள் மட்டும்தான் மிச்சம், தேன் கொண்டுவர ஆள் இருக்காது. எங்கள் வீட்டில் முதன்முதலில் பிரித்த பெட்டி பத்தே நாளில் காலியானது இதனால்தான். தேன் இருக்கும் சட்டம் ஒன்று கூட வையுங்கள், ஒரு வாரம் சர்க்கரைப் பாகு கொடுங்கள்.

மத்தியானம் இரண்டு மூன்று மணிக்குத் திடீரென்று வாசல் முன்னால் கூட்டமாகப் பறக்கின்றன. ஓடப் போகிறதா? பயமாக இருக்கிறது. (தஞ்சாவூர்)

அக்கா, பயப்படாதீர்கள். பெட்டிக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு முன்னும் பின்னுமாக ஆடி, கொஞ்சம் கொஞ்சமாக வட்டத்தைப் பெரிதாக்குகிறதா? அவை வெளியே போய்ப் பழகும் இளசுகள். வீட்டு அடையாளத்தை மனதில் பதித்துக்கொள்கின்றன. இருபது நிமிடம் பொறுங்கள், அடங்கிவிடும்.

வாசலில் உருண்டு சண்டை போட்டால், வயிறு உப்பிய தேனீக்கள் வெளியே வந்து வேகமாக ஓடினால், அது வேறு பெட்டிக்காரத் தேனீ கொள்ளையடிப்பது. வாசலை இரண்டு தேனீ நுழையும் அளவுக்குச் சுருக்குங்கள். பாகைச் சாயங்காலம் மட்டும், பெட்டிக்குள்ளேயே, ஒரு சொட்டு வெளியே சிந்தாமல் வையுங்கள்.

ஆண் தேனீ வேலையே செய்யாதாமே, நசுக்கிவிடலாமா? அவற்றின் அறை மூடியில் ஓட்டை வேறு இருக்கிறது, நோயா சார்?

நோய் இல்லை. அடுக்குத் தேனீயில் ஆண் அறையின் மூடி நடுவே ஊசியால் குத்தியது போல ஒரு துளை இருக்கும், இயல்பே அதுதான்.

நசுக்காதீர்கள். ஆண் தேனீக்குக் கொடுக்கும் கிடையாது, பூவுக்கும் போகாது, உண்மைதான். ஆனால் புது ராணி ஆரம்பத்தில் ஒன்றிரண்டு முறை பறந்து போய்ப் பல ஆண்களோடு சேர்ந்து, அந்த விந்தைத்தான் ஆயுசு முழுக்க வைத்துக்கொள்கிறாள். கலந்த ஆண் அங்கேயே செத்து விழும். உங்கள் பெட்டி ஆண் அடுத்த ஊர் ராணிக்கு, அந்த ஊர் ஆண் உங்கள் ராணிக்கு. வறட்சி வந்தால் பணித்தேனீக்களே சோறு போடாமல் வெளியே தள்ளிவிடும். திடீரென்று ஆண் அறைகள் பெருகினால் கூட்டம் பிரியத் தயாராகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடையின் கீழ் ஓரத்தில் நிலக்கடலை மாதிரி நாலைந்து தொங்குகின்றன. கிள்ளிவிடச் சொல்கிறார்கள்.

அவை ராணி அறைகள். சாதாரணப் பெண் முட்டைதான், தாதிகள் சுரக்கும் அரசக் கூழை ஊட்டியே வளர்ப்பதால் ராணியாகிறது, பதினைந்து பதினாறு நாளில் வெளியே வருவாள். எங்கே கட்டியிருக்கிறது என்று பாருங்கள். கீழ் ஓரத்தில் வரிசையாக என்றால் பிரியும் ஏற்பாடு, பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு கிளம்புவாள். அடையின் நடுவில், பணித்தேனீ அறையையே நீட்டிக் கட்டியிருந்தால் ராணி செத்துப் போய் அவசரத்துக்குக் கட்டியது. அதைக் கிள்ளினால் கூட்டமே முடிந்தது.

பிரியும் அறை என்றாலும் கிள்ளுவது என் வழக்கமில்லை, மறுபடி கட்டிக்கொண்டேதான் இருக்கும். நல்ல அறை ஒன்றோடு இரண்டு மூன்று சட்டத்தை எடுத்து நீங்களே ஒரு புதுப் பெட்டி ஆக்கிவிடுங்கள்.

ஒரே அறையில் மூன்று நான்கு முட்டை. ராணி அவ்வளவு சுறுசுறுப்பா?

முட்டை அறையின் சுவரில் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். அப்படியென்றால் ராணி இல்லை, பணித்தேனீக்களே முட்டையிடுகின்றன. கலக்காத முட்டை, எல்லாம் ஆணாகத்தான் வரும். நம்ம தேனீயில் இது சீக்கிரம் தொடங்கிவிடும். நல்ல ராணி உள்ள பெட்டியோடு நடுவில் செய்தித்தாள் வைத்துச் சேர்த்துவிடுவதே மேல்.

நேற்று வரை இருந்தது, இன்று பெட்டி காலி. என்ன தப்பு செய்தேன்? (இந்தக் கேள்வி மட்டும் ஏழு பேர்)

காலிப் பெட்டியைக் கழுவிவிடாதீர்கள், முதலில் அடையைப் படியுங்கள். அடை சுத்தமாக இருக்கிறது, தேனும் இல்லை, புழுவும் இல்லை என்றால் பல நாள் யோசித்துக் கிளம்பியிருக்கின்றன. முட்டை நின்று, இருந்த புழுவெல்லாம் பொரிந்து வெளியே வரும்வரை காத்திருந்து, தேனைக் குடித்துவிட்டுப் போயிருக்கும். பசிதான் காரணம். எங்கள் பக்கம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை ரப்பரில் துளிர் விடும்போது இலைக்காம்பில் சுரப்பதை எடுத்துப் பெட்டி நிறைக்கும், மழைக்காலத்தில் அதே பெட்டி பட்டினி. அப்போது சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கலந்து கொடுக்க வேண்டும். தேன் எடுக்கும்போது புழு வளரும் கீழ்ப் பெட்டியில் உள்ள தேனையும் வழித்துவிட்டால் தேனீ இருக்காது, இதை எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை.

புழுவும் தேனும் அப்படியே கிடக்க ஓடியிருந்தால் அவசரத்தில் கிளம்பியது. எறும்பு, வெயில், மெழுகு அந்துப்பூச்சி, இல்லையென்றால் நீங்கள் அடிக்கடி திறந்தது. ஸ்டாண்டின் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள், தேனீ மூடாத பழைய அடைகளை எடுத்துவிடுங்கள். ஓடுவதற்கு முன்னால் வாசல் சொல்லிவிடும்: காலில் மகரந்த உருண்டையோடு வருபவை நின்றுபோகும்.

காலையில் வாசல் முன்னால் செத்த வெள்ளைப் புழுக்கள் கிடக்கின்றன.

ஒன்றிரண்டு என்றால் சுத்தம் செய்யும் தேனீக்கள் கொண்டுவந்து போட்டது, நல்லதுதான். தினமும் கிடந்தால் திறந்து பாருங்கள். மூடாத அறையில் புழு தலையைத் தூக்கி மல்லாந்து செத்திருந்து, இடுக்கியால் எடுத்தால் நீர் நிறைந்த பை போல வந்தால், அது தாய் சாக் புரூட் (Thai sacbrood) என்ற வைரஸ் நோய். 1991, 92-ல் தென்னிந்தியாவில் இது பரவியபோது எங்கள் ஊரில் காலிப் பெட்டிகளை அப்பா கொல்லையில் அடுக்கி வைத்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. இதற்கு மருந்து கிடையாது. அந்தப் பெட்டிச் சட்டத்தை வேறு பெட்டிக்கு மாற்றாதீர்கள், தப்பிப் பிழைத்த கூட்டத்திலிருந்து மட்டும் பெருக்குங்கள்.

தேனீ ஆடி வழி சொல்லுமாமே, என் மகள் பார்க்க வேண்டும் என்கிறாள்.

கண்டுபிடித்தவர் கார்ல் வான் ஃபிரிஷ், 1973-ல் நோபல் பரிசு வாங்கினார். பூ கண்ட தேனீ அடையின் மேல் வாலை ஆட்டிக்கொண்டு நேராக ஓடி, திரும்பி வந்து, மறுபடி ஓடும். இருட்டுப் பெட்டிக்குள் மேல் பக்கம்தான் சூரியன். நேர் மேலே ஓடினால் சூரியன் இருக்கும் திசையில் போ, வலப்பக்கம் சாய்ந்து ஓடினால் சூரியனுக்கு அவ்வளவு வலப்பக்கம் போ. ஆட்டம் நீள நீளத் தூரம் அதிகம்.

காலை ஒன்பது பத்து மணிக்கு, பழம் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டுத் திறங்கள் (வாழைப்பழ வாசனை அவற்றின் அபாய வாசனையை ஒத்தது, கொட்டும்). வாசல் பக்கத்தில் இருக்கும் சட்டத்தை மெதுவாகத் தூக்கி இரண்டு நிமிடம் அசைக்காமல் பிடியுங்கள். எந்தப் பக்கம் என்று மகள் கணக்குப் போட்டதும் மூடிவிட்டு, அந்தத் திசையில் இருவரும் நடந்து பாருங்கள். என் மகனோடு நான் நடந்தபோது ஆற்றங்கரைப் புளியமரம் பூத்திருந்தது, மரத்தடியில் நின்றாலே இரைச்சல் கேட்டது.