தெருவில் கிடக்கும் குப்பை யார் பொறுப்பு? சேலத்துக் கேள்விகளும் பதில்களும்

உள்ளாட்சியின் சுகாதாரப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். குப்பை பற்றிய கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே கேள்விதான்: "இதை யார் அள்ள வேண்டும்?" அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, "இது யார் கையிலிருந்து விழுந்தது?" என்பது. என் பதில்கள் அங்கிருந்துதான் தொடங்கும்.

அம்மாப்பேட்டையிலிருந்து ஓர் அம்மா: எங்கள் தெருமுனையில் இருந்த குப்பைத் தொட்டியை எடுத்துவிட்டார்கள். காலையில் வண்டி வந்து போகிறது. ஆனாலும் தொட்டி இருந்த இடத்தில் குப்பை குவிந்து நாறுகிறது. மாநகராட்சி அள்ள வேண்டாமா?

அள்ளத்தான் வேண்டும் அம்மா. திடக்கழிவு மேலாண்மை நகர உள்ளாட்சிகளுக்கு உரிய பணி என்று அரசியல் சட்டத்தின் 12ஆவது அட்டவணையே சொல்கிறது. பொது இடத்தில் கிடப்பதை யார் போட்டிருந்தாலும் அகற்றும் கடமை மாநகராட்சிக்கு உண்டு. அள்ளுவது ஒரு வேலை, அங்கே மறுபடியும் சேராமல் பார்ப்பது இன்னொரு வேலை. இரண்டாவது வேலையில் நமக்கும் பங்கு இருக்கிறது. தெருவிலோ சாக்கடையிலோ நீர்நிலையிலோ போடக் கூடாது, எரிக்கக் கூடாது, வீட்டிலேயே பிரித்து வைத்துக் கொடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையை உண்டாக்குகிறவருக்கே கடமை வகுத்தன.

தொட்டி போன பிறகும் குப்பை விழுவதற்கு நான் பார்த்தவரை முக்கியக் காரணம் வண்டி வரும் நேரம். உங்கள் பகுதியில் இரவெல்லாம் தறி ஓட்டிவிட்டு விடியற்காலையில் படுக்கிறவர்கள் இருக்கிறார்கள். விடிந்தும் விடியாமலும் வீட்டைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். வண்டி வரும்போது அவர்கள் கதவு திறக்காது. மீன் கழுவிய குப்பையை மூன்று நாள் வீட்டில் வைத்திருக்க யாராலும் முடியாது. போகிற வழியில் பையை வீசிவிடுகிறார்கள். முதலில் யார், எந்த நேரத்தில் போடுகிறார்கள் என்று கவனியுங்கள். சண்டைக்குப் போக வேண்டாம். அப்படிப்பட்ட வீடுகளுக்காக மாலையில் ஒரு நடை வண்டி வேண்டும் என்று தெருக்காரர்கள் கையெழுத்திட்டு உங்கள் கோட்டத்தின் (வார்டின்) சுகாதார ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுங்கள். அதுவரை பக்கத்து வீட்டில் பையைக் கொடுத்து வைக்க ஏற்பாடு செய்யுங்கள். இடத்தைக் கழுவிக் கோலம் போடுவது நல்லதுதான், ஆனால் நேரச் சிக்கல் தீராவிட்டால் குப்பை பத்தடி தள்ளிப் போய் விழும். வசதி செய்து கொடுத்த பிறகும் வீசுகிறவருக்கு அபராதம் கேளுங்கள், நானும் உங்கள் பக்கம் நிற்பேன்.

பழைய பஸ் நிலையத்துப் பக்கம் தட்டுவடை செட்டு விற்கும் தம்பி: சாப்பிட்டவர்கள் தட்டை ரோட்டில் போடுகிறார்கள், திட்டு எனக்கு விழுகிறது.

கடையில் உண்டாகும் குப்பைக்குக் கூடை வைத்து, அதை ஒப்படைப்பது தெருவோர வியாபாரியின் கடமை என்றே விதி இருக்கிறது தம்பி. கூடையை வண்டிக்கு அடியில் வைத்தால் யார் கண்ணுக்கும் தெரியாது, ஆள் நின்று சாப்பிடும் இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கிறது. பாக்குமட்டைத் தட்டுக்கோ இலைக்கோ மாறிவிடுங்கள்.

அழகாபுரத்திலிருந்து: பக்கத்துக் காலி மனை குப்பைமேடாகிவிட்டது. பாம்பு வருகிறது. உரிமையாளர் வெளியூரில் இருக்கிறார், பெயர்கூடத் தெரியாது.

மனையைச் சுத்தமாக வைத்திருப்பது உரிமையாளரின் பொறுப்பு. அவர் யாரென்று உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. காலிமனை வரி வசூலிக்கும் மாநகராட்சியின் வரிப் பதிவேட்டில் அவருடைய பெயரும் முகவரியும் இருக்கும். புகைப்படத்துடன் மண்டல அலுவலகத்தில் மனு கொடுத்து, அவருக்கு நோட்டீஸ் அனுப்பும்படி கேளுங்கள். மனுவின் நகலில் முத்திரை வாங்க மறக்காதீர்கள். முப்பது நாளில் அசைவு இல்லையென்றால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, "என் மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன?" என்று கேளுங்கள். தூங்கும் கோப்பை எழுப்ப இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. வீடு இடித்த கல்லும் மண்ணும் அந்த மனையில் கிடந்தால் அது இடித்தவரின் பொறுப்பு, அவரையும் மனுவில் சேருங்கள்.

சூரமங்கலத்திலிருந்து: நான் பிரித்துக் கொடுக்கிறேன். வண்டியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டுகிறார்கள். பிறகு எதற்குப் பிரிக்க வேண்டும்?

உங்கள் கோபம் நியாயமானது. பிரித்து வாங்கியதைக் கலக்காமல் கொண்டு சேர்ப்பது உள்ளாட்சியின் கடமை, அதை மீறினால் தவறு அவர்களுடையது. தேதி, நேரம், வண்டி எண் எழுதிப் புகார் கொடுங்கள். 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணிலும் சொல்லலாம். ஆனால் வண்டியோடு வருபவரிடம் கத்தாதீர்கள். தடுப்பு இல்லாத வண்டியைக் கொடுத்துவிட்டுப் பிரித்து வாங்கு என்றால் அவர் என்ன செய்வார்?

நீங்கள் பிரிப்பதை நிறுத்திவிடவும் கூடாது. நம் வீட்டுக் குப்பையில் ஏறக்குறையப் பாதி காய்கறித் தோலும் மிச்சச் சோறும்தான். அது தனியாகப் போனால் உரம். பிளாஸ்டிக்கோடு கலந்து செட்டிச்சாவடிக் குப்பைக் கிடங்குக்குப் போனால், காற்றில்லாமல் அழுகி மீத்தேன் வாயு கிளம்பும், கோடையில் கிடங்கு பற்றி எரியும், புகை சுற்றுவட்டாரத்துக்கே போகும். இங்கே சோம்பலாகக் கலந்த பையை அங்கே குடியிருக்கும் குழந்தை மூச்சில் இழுக்கிறது. நகரத்தின் குப்பையைத் தங்கள் ஊரில் தாங்கிக்கொள்ளும் மக்களிடம் நாம் இன்னும் எதுவும் கேட்டதுகூட இல்லை.

குகையிலிருந்து: எதிர்வீட்டார் இரவில் குப்பையை எரிக்கிறார்.

சட்டவிரோதம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் திறந்தவெளியில் குப்பை எரிப்பவருக்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் விதிக்க உத்தரவிட்டது. இதை ஒருமுறை அவரிடம் தன்மையாகச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் போதும்.

செவ்வாய்ப்பேட்டை இளைஞர்கள்: ஆடியில் தெருவில் கூழ் ஊற்றி அன்னதானம் செய்கிறோம். மறுநாள் தெருவைச் சுத்தம் செய்வது யார்?

ஊற்றுகிறவர்கள்தான். தெருவில் நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால் மூன்று வேலை நாட்களுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், குப்பையைப் பிரித்து ஒப்படைப்பது நடத்துகிறவர் பொறுப்பு என்றும் விதிகள் சொல்கின்றன. கோட்டை மாரியம்மனுக்கு வரும் கூட்டத்தில் ஊரே நிறைகிறது. அந்த வாரம் தூய்மைப் பணியாளர்களுக்குத் தூக்கமே இருக்காது. வீட்டிலிருந்து டம்ளரோ சொம்போ கொண்டு வரச் சொல்லுங்கள். கூழுக்கு அதுதானே பழைய வழக்கம்.

கன்னங்குறிச்சி எல்லையிலிருந்து: மாநகராட்சியிடம் கேட்டால் பேரூராட்சி என்கிறார்கள், பேரூராட்சியிடம் கேட்டால் மாநகராட்சி என்கிறார்கள்.

இரண்டு அலுவலகத்துக்கும் ஒரே மனுவை அனுப்பி, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மூன்றாவது நகலைக் கொடுங்கள். எல்லையைத் தீர்மானிப்பது உங்கள் வேலை அல்ல.

அஸ்தம்பட்டியிலிருந்து: "நிதி இல்லை, ஆள் இல்லை" என்கிறார்களே, என்ன செய்வது?

மத்தியப் பிரதேசத்தில் ரத்லம் என்ற ஊரின் மக்கள் சாக்கடை நாற்றம் தாங்காமல் வழக்குப் போட்டார்கள். நகராட்சி இதே பதிலைத்தான் சொன்னது. 1980இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அளித்த தீர்ப்பு, பணம் இல்லை என்பது கடமையிலிருந்து தப்பிக்கும் வழி அல்ல என்று தெளிவாக்கியது. அந்த வழக்கு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133ஆவது பிரிவின் கீழ் வந்தது. இப்போது அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆவது பிரிவு. பொதுத் தொல்லையை அகற்ற உத்தரவிடும்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம்.

ஏற்காட்டிலிருந்து காபித் தோட்டத்தில் வேலை செய்யும் சகோதரி: சனி, ஞாயிறு முடிந்தால் மலைப்பாதை முழுக்க பாட்டிலும் பையும். வருகிறவர்கள் போட்டுவிட்டுப் போகிறார்கள், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் மனம் கனத்தது சகோதரி. சேலத்திலிருந்து ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. அதன் ஓரத்துக் காடு வனத்துறையுடையது. ஊருக்குள் ஊராட்சி, படகு இல்லத்தில் சுற்றுலா வளர்ச்சிக் கழகம். இத்தனை பேர் இருக்கும்போது வளைவில் கிடக்கும் பாட்டில் யாருக்கும் சொந்தமில்லாமல் போய்விடுகிறது. அதனால்தான் அடிவாரச் சோதனைச் சாவடியிலேயே பிடிக்க வேண்டும் என்கிறேன். மேலே சிதறிய பிறகு பள்ளத்தில் இறங்கிப் பொறுக்க எந்தத் துறையிடமும் ஆள் இல்லை.

நீலகிரியில் 2022இல் மதுபாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் தரும் திட்டம் வந்தது. மனிதனுக்கு அறிவுரையைவிடப் பத்து ரூபாய் நினைவில் நிற்கிறது. தண்ணீர் பாட்டிலுக்கும் அப்படி ஒன்று மலையில் வேண்டும். மலையில் விழுவது மலையோடு நிற்பதில்லை. ஏரி நிரம்பி வழிந்தால் கிளியூர் அருவிக்குப் போகிறது. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறுதான் சேலத்துக்குள் ஓடுகிறது. காட்டெருமை பையைத் தின்கிறது. கார் கண்ணாடியை இறக்கி வீசுகிறவர்களின் வண்டி எண்ணைப் படத்துடன் வனச்சரக அலுவலகத்துக்கு அனுப்புங்கள். நேருக்கு நேர் தடுத்து நிறுத்த வேண்டாம், உங்கள் பாதுகாப்பு முதலில்.

பெயர் சொல்லாத மாணவி: என் அம்மா தூய்மைப் பணியாளர். டயப்பரும் உடைந்த கண்ணாடியும் சோற்றோடு கலந்து வருகின்றன. கையில் வெட்டுக் காயம் ஆறுவதே இல்லை.

கையுறை, காலணி, முகக்கவசம், மழைச் சட்டை இவற்றை ஒப்பந்தப் பணியாளர் உட்பட எல்லோருக்கும் கிடைக்கச் செய்வது உள்ளாட்சியின் கடமை மகளே. அம்மா தனியாகக் கேட்டால் வேலைக்குப் பயப்படுவார், எனவே சங்கம் வழியாகவோ உடன் வேலை செய்பவர்களோடு சேர்ந்தோ கேட்கச் சொல். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: நாப்கினையும் டயப்பரையும் காகிதத்தில் சுற்றித் தனியே கொடுங்கள். கண்ணாடியைக் கெட்டியான காகிதத்தில் பொதிந்து, கையில் கொடுக்கும்போது வாயால் சொல்லுங்கள். ஊசி, பல்பு, பேட்டரி தனியாக இன்னொரு பையில்.

கல்லூரி மாணவர் குழு: ஞாயிற்றுக்கிழமை ஓர் ஓடைக்கரையைச் சுத்தம் செய்தோம். அந்த வாரமே பழையபடி ஆகிவிட்டது. தொடரலாமா?

தொடருங்கள். மூக்கனேரியை மீட்டதும் சேலத்து மக்கள்தான். ஆனால் அள்ளிய குப்பையைப் பிரித்துப் பாருங்கள்: வீட்டுக் குப்பையா, கறிக்கடைக் கழிவா, கடைகளின் அட்டையா? எது அதிகமோ அதைக் கொட்டுகிறவரைத் தேடுங்கள். பிறகு அந்தப் படங்களோடு கிராம சபை போல நகரத்தில் கூடும் உங்கள் கோட்டத்தின் பகுதி சபைக் கூட்டத்துக்குப் போய்த் தீர்மானம் கேளுங்கள். 2022 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டு நகரங்களில் இந்தச் சபைகள் கூடுகின்றன. சேலத்தின் அறுபது கோட்டங்களிலும் அதற்கு உறுப்பினர்கள் இருக்க வேண்டும். உங்கள் கோட்டத்தில் யார் என்று மாமன்ற உறுப்பினரிடம் இந்த வாரமே கேளுங்கள்.