அடித்துவிட்ட வரி

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு 34 வயது. நான் தத்தெடுக்கப்பட்டவள் என்பது அப்பா இறந்தபின் அவருடைய கோப்புகளைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. உளவியல் ஆலோசகர் ஒருவரிடம் ஏழு அமர்வுகள் போனேன். “இப்படி ஒரு வீடு கிடைத்ததே, அதை நினைத்து மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்” என்றார். தேறவில்லை. பெற்றவளைத் தேட வேண்டும்போல் இருக்கிறது. அம்மாவுக்கு அது துரோகமோ, தாங்குவாரோ என்று பயம். கர்ணனைப்போல் நடுவில் நிற்கிறேன். கண்களை அசைக்கவைத்துச் செய்யும் இ.எம்.டி.ஆர். என்ற மனநலச் சிகிச்சை எனக்குச் சரிவருமா? நான் நன்றிகெட்டவளா?

ம.

அன்புள்ள ம.,

கர்ணனை விடுங்கள். அவன் கதையில் எல்லோரும் கடனைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

உங்கள் கடைசிக் கேள்விக்காகத்தான் எழுதுகிறேன். சில நாட்களாக ஒரு நண்பன் நினைவாகவே இருக்கிறேன். இளவயதில் அவனோடு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். பெற்றோருக்கு என்னென்ன நோய் என்று படிவத்தில் ஒரு கேள்வி. ‘அப்பாவுக்கு மாரடைப்பு’ என்று எழுதினான். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அடித்தான். தாள் கிழியும்வரை அடித்தான். “இதை நிரப்ப எனக்குத் தெரியாதுடா” என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “உன்னை எப்படித் தாங்கினார்கள்! அதற்குமேல் என்னடா வேண்டும்?” ஆறுதல் சொன்னதாகத்தான் நினைத்தேன். அவன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டான். அதன்பின் அந்தப் பேச்சை என்னிடம் எடுக்கவேயில்லை.

உங்கள் ஆலோசகர் செய்ததும் இதுதான். நான் செய்தது அறியாமை. அவர் அதைத் தொழிலாகச் செய்கிறார், எனக்கு ஆத்திரம் வருகிறது.

பெற்ற பிள்ளை கதவை அறைந்து சாத்தினால் ‘வயசு அப்படி’ என்பார்கள். தத்துப்பிள்ளை சாத்தினால் நன்றியில்லை என்பார்கள். என்ன நியாயம் இது? குழந்தை வேண்டும் என்று கேட்டது பெரியவர்கள். எந்தக் குழந்தையும் மனுப்போட்டு வந்து சேர்வதில்லை. புது வீடு கிடைப்பதற்கு முன்பே அது ஒரு தாயை இழந்திருக்கிறது. அந்த இழப்புக்குத் துக்கம் விசாரிக்க யாரும் வருவதில்லை. இறக்கவும் இல்லை, கூடவும் இல்லை என்ற நிலையில் ஒருவரை இழப்பதைப் பற்றி பாலின் பாஸ் என்ற ஆய்வாளர் 1970கள் முதல் எழுதிவருகிறார். முடிவு தெரியாததால் அந்தத் துக்கம் உறைந்து நின்றுவிடும் என்கிறார். அதன்மேல் நன்றியைக் கொண்டுவந்து அடுக்கினால் அழுகை எப்படி வரும்? அழாமல் எது ஆறும்?

உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான். கடிதத்தைச் சுருக்கி வெளியிட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் அம்மாவுக்கு வலிக்குமே என்று நான்கு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வலிக்கிறது என்று ஓரிடத்தில்கூட இல்லை. ஏழு அமர்வுகளிலும் அந்த ஆலோசகருக்கு நல்ல பிள்ளையாகத்தான் உட்கார்ந்திருந்தீர்களா?

இ.எம்.டி.ஆர். அதிர்ச்சி நினைவுகளுக்குப் பயன்படும் முறை. உங்களுக்கு வேண்டுமா என்பதைப் பயிற்சி பெற்றவர் நேரில் பார்த்துச் சொல்லட்டும். முறையைவிட ஆள் முக்கியம். தத்துப்பிள்ளைகளோடு வேலை செய்தவராகப் பாருங்கள். “எனக்கு அம்மாமேல் உயிர், அவர் மறைத்ததில் கோபமும் இருக்கிறது” என்று முதல் நாளே சொல்லுங்கள். இரண்டில் ஒன்றை அவர் சரிசெய்யக் கிளம்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

தேடுவது துரோகம் இல்லை. இங்கிலாந்தில் 1975ஆம் ஆண்டுச் சட்டம், வயதுவந்த தத்துப்பிள்ளைகள் தங்கள் அசல் பிறப்புச் சான்றிதழைப் பெற வழிவிட்டது. அதற்கு முன் தத்தெடுக்கப்பட்டவர்கள் முதலில் ஓர் ஆலோசகரைச் சந்தித்தாக வேண்டும் என்றும் வைத்தது. தாளில் ஒரு பெயரைப் பார்ப்பதே ஆளை உலுக்கிவிடும் என்று தெரிந்திருக்கிறது. நீங்களும் தனியாகத் தேட இறங்காதீர்கள்.

அம்மாவிடம் பேசப் போகும்போது அந்தக் கோப்பைக் கையில் கொண்டுபோக வேண்டாம், விசாரணைபோல் ஆகிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். அவர் அழலாம். அழட்டும். உடனே கண்ணைத் துடைத்துவிட ஓடாதீர்கள். உங்களுக்கும் அழுகை வந்தால் அடக்காதீர்கள்.