ஓடும் உட்கரு: கடிதம்

அன்புள்ள ஐயா,

செல் பிரிவதைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். என் மகள் இங்கே பெங்களூரில் எம்.எஸ்சி. படிக்கிறாள். புராஜெக்ட்டுக்கு ஈஸ்ட்டைக் கொடுத்திருக்கிறார்கள். போன வாரம் ஒரு வீடியோ காட்டினாள். நீளமான ஒரு செல். உள்ளே பச்சையாக ஒளிரும் ஒரு பொட்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதுதான் உட்கருவாம், குரோமோசோம்கள் ஜோடி தேடுவதற்காக இரண்டு மணி நேரம் ஓடுமாம். கண்ணுக்கே தெரியாத செல்லுக்குள் அவ்வளவு நேரம் தேட என்ன இருக்கிறது? செல்லுக்குள் ஒரு சட்டகம் இருக்கிறது, வடிவம் தருவது அதுதான் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் அது நிலையாக நிற்க வேண்டாமா? இன்னொன்று, நம் இட்லி மாவைப் பொங்க வைப்பதும் இதே ஈஸ்ட்தானா? மகளிடம் கேட்டால் சிரிக்கிறாள்.

ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு

அன்புள்ள நண்பருக்கு,

இட்லியை முதலில் முடித்துவிடுவோம். மாவு பொங்குவதில் பெரும்பங்கு லியூகோனாஸ்டாக் என்கிற பாக்டீரியாவுடையது. ஈஸ்ட்டும் மாவில் இருக்கும், ஆனால் அதுக்குச் சின்ன வேஷம்தான். உங்கள் தெருமுனை ஐயங்கார் பேக்கரியில் பன்னை உப்ப வைப்பது சாக்கரோமைசிஸ் செரிவிசியே. மொட்டு விட்டுப் பெருகும் ஈஸ்ட். மகள் காட்டியது, நீங்கள் சொல்லும் வடிவத்தை வைத்துப் பார்த்தால், சைசோசாக்கரோமைசிஸ் போம்பே. ஆப்பிரிக்கச் சிறுதானிய பீரிலிருந்து கிடைத்தது, 1893-இல் பெயர் பெற்றது. மொட்டு விடாது, நடுவே சுவர் எழுப்பி இரண்டாகப் பிளக்கும். மகள் சிரித்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நிறையப் பேர் கேட்கிற கேள்விதான் இது.

சரி, சட்டகம். அதில் முக்கியமானவை நுண்குழல்கள். டியூபுலின் என்னும் புரதத் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீளும் குழல்கள் அவை. நுனியில் துண்டுகள் சேர்ந்துகொண்டே இருக்கும், திடீரென்று பொலபொலவென உதிரும், மறுபடி வளரும். நிமிடக் கணக்கில் நடக்கிற விஷயம் இது. போம்பே ஈஸ்ட் சாதாரணமாக வளரும்போது இந்தக் குழல்கள் சில கற்றைகளாகச் செல்லின் நீளவாக்கில் கிடக்கும். உட்கருவை நடுவில் வைத்திருப்பதும், எந்த முனையில் வளர வேண்டும் என்று காட்டுவதும் இவைதான். செல் இரண்டாகும் நேரம் வந்தால் இந்தக் கற்றைகள் கலைந்து, அதே டியூபுலின் குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் கதிராக மாறும்.

உணவில் நைட்ரஜன் தீர்ந்துபோனால் கதை மாறுகிறது. எதிரெதிர்ப் பால் செல்கள் இரண்டு ஒன்றாக இணைகின்றன, உட்கருக்களும் கலக்கின்றன. இதற்கு அப்புறம் வருவதுதான் குன்றல் பகுப்பு. இரட்டைத் தொகுப்பாக உள்ள குரோமோசோம்களை மறுபடி ஒற்றைத் தொகுப்பாக்கும் வேலை. உட்கருவின் உறையில் ஒரு சின்ன மையம் உண்டு. வழக்கமாக குரோமோசோம்களின் இடுப்பான சென்ட்ரோமியர்கள் அதன் அருகே கட்டுண்டிருக்கும். இப்போது அவை விலகிவிட, நுனிகளான டெலோமியர்கள் எல்லாம் அங்கே வந்து குவிகின்றன. பல இடங்களிலிருந்து கிளம்பிய நுண்குழல்களும் இனி அந்த ஒரே மையத்திலிருந்து விரிகின்றன. அப்புறம்தான் ஓட்டம் தொடங்குகிறது. மையம் முன்னே போக, உட்கரு பின்னால் நீண்டு இழுபடும். அந்த வடிவத்தைப் பார்த்து இந்தக் கட்டத்துக்குக் குதிரைவால் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நுனிகள் முன்னே செல்ல குரோமோசோம்கள் பின்னே தொங்கிக்கொண்டு போகின்றன என்பதை 1994-இல் ஒரு ஜப்பானியக் குழு காட்டியது.

இழுப்பது டைனீன் என்னும் மோட்டார் புரதம். குழலின் மேல் ஏறி மையத்தை நோக்கி நடப்பது அதன் இயல்பு. செல்லின் உள்விளிம்பில் ஒரு நங்கூரப் புரதம் அதைப் பிடித்து நிறுத்திவிட்டால், டைனீன் நகர முடியாது. அதற்குப் பதிலாகக் குழல் இழுபடும், குழலோடு மையமும் உட்கருவும் வரும். எந்தப் பக்கம் அதிக டைனீன் பிடித்திருக்கிறதோ அந்தப் பக்கம் வெற்றி. மையம் அந்தக் கோடியை நெருங்கியதும் அங்கே பிடி தளர்ந்துவிடும், எதிர்ப்பக்கம் இழுக்க ஆரம்பிக்கும். ஒருமுறை போய்வரச் சுமார் பத்து நிமிடம். நங்கூரம் கிடைக்கும்வரை டைனீன் குழலின் மேல் குறியில்லாமல் முன்னும் பின்னும் அலைகிறது, கிடைத்த பிறகுதான் ஒரே திசையில் நடக்கிறது என்பதை 2013-இல் ஒற்றை மூலக்கூறுகளைப் படம்பிடித்துக் காட்டியவர்களில் முதல் பெயர் வைஷ்ணவி அனந்தநாராயணன். அந்த வேலை நடந்தது ஜெர்மனியின் டிரெஸ்டனில். பின்னாளில் அவர் ஆய்வுக்கூடம் நடத்தியது உங்கள் ஊரிலேயே, இந்திய அறிவியல் கழகத்தில்.

தேட என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். இந்த ஈஸ்ட்டுக்கு ஒரு தொகுப்பில் மூன்றே குரோமோசோம்கள். ஆனால் அந்த மூன்றிலும் சேர்த்து ஏறக்குறைய ஒரு கோடியே 26 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள். நீட்டிப் பிடித்தால் நான்கு மில்லிமீட்டருக்கும் மேல். இணைந்த செல்லில் இரண்டு தொகுப்பு, அதுவும் நகலெடுத்து இரட்டித்த பிறகு, மொத்தம் பதினேழு மில்லிமீட்டர் நூல் சில மைக்ரான் அகல உருண்டைக்குள் அடைந்து கிடக்கிறது. அங்கே அம்மா வழி வந்த குரோமோசோமும் அப்பா வழி வந்ததும் சரியான இடத்தில் சந்தித்துத் துண்டுகளை மாற்றிக்கொள்ள வேண்டும். இதற்குக் குறுக்கேற்றம் என்று பெயர். டைனீனை எடுத்துவிட்டால் ஓட்டம் நின்றுபோகிறது, ஜோடி சேர்வதும் குறுக்கேற்றமும் குறைந்துவிடுகின்றன.

ஆனால் ஜோடி தேட ஓடுகிறது என்பது பாதி விளக்கம்தான். மறுபாதிதான் எனக்குப் பிடித்தது. ஓட்டத்தை நிறுத்திப் பார்த்தபோது குரோமோசோம்கள் அளவுக்கு மீறி ஒட்டிக்கொண்டு பின்னால் பிரிய முடியாமல் திணறுவதையும் பார்த்தார்கள். 2016-இல் வெளியான முடிவு இது. கழுத்துச் சங்கிலி சிக்கு விழுந்தால் உதறிப் பார்ப்போமே, அந்த வேலையும் இந்த ஓட்டத்தில் இருக்கிறது. சேர்ப்பதும் பிரிப்பதும் ஒரே இழுப்பில்! மகள் ஜோடி என்று மட்டும் சொல்லியிருந்தால் இதையும் கேளுங்கள், இந்த முறை நீங்கள் சிரிக்கலாம்.

பேக்கரி ஈஸ்ட் இதே காரியத்தை வேறு கருவியால் செய்கிறது. அதில் இழுப்பது நுண்குழல் இல்லை, ஆக்டின் என்னும் புரத இழைகள். மொட்டு வளரும் நேரத்தில் அந்த இழைகள் மொட்டை நோக்கிச் சரக்கு கடத்தும். குன்றல் பகுப்பில் மொட்டே கிடையாது. இழைகள் உட்கருவைத் தழுவிக் கிடக்க, உறைக்கு உள்ளே இருக்கும் குரோமோசோம் நுனிகள் அவற்றோடு சேர்ந்து இழுபடும். ஈஸ்ட்டில் உட்கரு உறை கடைசிவரை கிழிவதில்லை என்பதால், வெளியே உள்ள இழுவையை உள்ளே கொண்டுபோக உறையைத் துளைத்து நிற்கும் இணைப்புப் புரதங்கள் வேண்டும். எலியிலும் இதே குடும்பத்துப் புரதங்கள்தான், அங்கே இழுப்பது மறுபடியும் நுண்குழலும் டைனீனும். அதில் சன்1 என்ற புரதம் இல்லாத எலிக்குக் குட்டி பிறக்காது. ஈஸ்ட்டை ஏன் பார்க்கிறார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை; கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓட்டம் நின்றதும் நுண்குழல்கள் கதிராகி, அடுத்தடுத்து இரண்டு பிரிவு. நான்கு உட்கருக்கள். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு புது உறை. இப்படி உறை போர்த்தியதுதான் வித்து. பேக்கரி ஈஸ்ட்டில் மொட்டின் கழுத்தில் வளையமாக இருக்கும் செப்டின் புரதங்கள் இங்கே இடம்மாறி, அந்தப் புது உறையோடு சேர்ந்து அதற்கு வடிவம் கொடுக்கின்றன. வழக்கமான செப்டின்களோடு வித்து உருவாகும்போது மட்டும் வரும் செப்டின்கள் இரண்டும் சேர்ந்துகொள்ளும். கடைசியில் பழைய செல் ஒரு பையாக மிஞ்சும், உள்ளே நான்கு வித்துகள்.

வீடியோவோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். நைட்ரஜன் குறைந்த தட்டில் ஈஸ்ட்டை இட்டு ஓரிரு நாள் விட்டு, மகள் அதன் மேல் அயோடின் ஆவியைக் காட்டுவாள். வித்து உண்டான கூட்டங்கள் மட்டும் கரும்பழுப்பாக மாறும், மற்றவை வெளிறியே இருக்கும். நுண்ணோக்கி இல்லாமலே தெரியும். அனுமதி கிடைத்தால் ஒருநாள் கூட்டிப்போகச் சொல்லுங்கள்.

அன்புடன்.