சினிமாவில் பாட ஆசைப்படும் பெண்ணுக்குக் கர்நாடக சங்கீத வகுப்பு தேவையா?

உங்கள் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள், பள்ளி விழாக்களில் சினிமாப் பாட்டுப் பாடிப் பரிசு வாங்குகிறாள், "சரளி வரிசையெல்லாம் எனக்கு எதுக்கும்மா?" என்று ஆரம்ப ஸ்வரப் பயிற்சிகளைச் சலித்துக்கொண்டு, பாட்டு வகுப்பை நிறுத்தச் சொல்கிறாள் என எழுதியிருக்கிறீர்கள். நிறுத்த வேண்டாம். ஆனால் அந்த வகுப்பு மட்டுமே அவளைப் பின்னணிப் பாடகி ஆக்கிவிடும் என்றும் நம்பியிருக்க வேண்டாம்.

எஸ்.பி.பி.யை உதாரணம் காட்டுகிறாளாம். சரிதான். முறையாகச் சங்கீதம் கற்காத அவர் 'சங்கராபரணம்' படத்துக்காகத் தேசிய விருது வாங்கினார். அப்படியொரு கேள்வி ஞானம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. கச்சேரி மேடையிலிருந்து வந்த உன்னிகிருஷ்ணனும் 1994-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதைச் சினிமாவுக்கு வந்த வேகத்திலேயே பெற்றார். சித்ரா கல்லூரியில் இசையையே பாடமாக எடுத்துப் படித்தவர்.

தம்பூராவோடு மூன்று காலத்திலும், அதாவது மெதுவாகவும் இரட்டிப்பு வேகத்திலும் நான்கு மடங்கு வேகத்திலும், பாடிப் பழகிய பிள்ளைக்குச் சுருதி காதில் உட்கார்ந்துவிடும். மூச்சை எங்கே எடுப்பது, எவ்வளவு நேரம் தாங்குவது என்பதும் பிடிபடும். இசையமைப்பாளர் புது மெட்டைப் பாடிக் காட்டினால், ஸ்வரமாக எழுதிக்கொண்டு சீக்கிரம் தயாராகிவிடலாம். தொழில் என்று பார்த்தால் இதுதான் பெரிய லாபம். ஸ்டுடியோவில் மணிக்கணக்கில் ஒருவருக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

வகுப்பில் கிடைக்காததும் உண்டு. பழக்கத்தில் 'க' என்கிற காந்தார ஸ்வரத்தை அசைத்துப் பாடுவாள். இந்த அசைவுதான் கமகம். ஸ்டுடியோவில், "கமகம் வேண்டாம்மா, நேராப் பாடு" என்பார்கள். கச்சேரிக்கான திறந்த குரலை மைக் முன் எடுத்தால் மெல்லிய பாட்டு கனத்துப்போகும். 'ப' வரும் இடத்தில் காற்று மைக்கில் மோதி 'பொத்' என்று கேட்கும். ஹெட்போனில் தாளத்துக்காக ஒலிக்கும் கிளிக் ஓசையைக் கேட்டபடியே பாட்டின் உணர்ச்சி குறையாமல் பாடுவதும் தனிப் பழக்கம். இதையெல்லாம் பாடிப் பதிவு செய்து, தானே கேட்டுத்தான் திருத்திக்கொள்ள வேண்டும்.

சினிமாப் பாட்டால் குரல் கெடும் என்று டீச்சர் பயமுறுத்துகிறாராம். கெடுப்பது கத்திப் பாடுவதுதான். வகுப்பில் அவள் குரலுக்கு ஒத்த ஐந்து கட்டையிலோ ஐந்தரையிலோ (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) பாடுகிறாள்; கரோக்கியில் ட்ராக்கின் சுருதிக்குத் தொண்டையை இழுக்கிறாள். சுருதியைக் குறைத்து வைத்துப் பாடட்டும். குரல் கம்மல் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிளஸ் டூ முடித்தபின் இசைதான் என்று உறுதியாக இருந்தால் சென்னை, மதுரை, கோவை, திருவையாறு அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. மேற்கத்தியக் குரல் பயிற்சிக்கு ஏ.ஆர். ரஹ்மான் 2008-இல் சென்னையில் தொடங்கிய கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி உண்டு. பாட்டு வாய்ப்பு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் இசை ஆசிரியர் வேலைக்கு உதவும் பட்டமோ வேறொரு பட்டமோ கையில் இருக்கட்டும் என்றுதான் நான் பெற்றோரிடம் வற்புறுத்துவேன்.

இப்போதைக்கு, அடிப்படைப் பாடங்களுக்குப் பிறகு வரும் வர்ணம் வரையாவது வகுப்பு தொடரட்டும். வாரத்தில் ஒரு நாளை மைக் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். டீச்சரிடமும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.