ஏழு பேர் அணியும் சராசரிக் கணக்கும்: பிரிட்டிஷ் ஸ்பீட்வே கேள்வி-பதில்

மண் தளத்தில் ஓடும் பைக் பந்தயமான ஸ்பீட்வேயில் சீசன் முடிந்து குளிர்காலம் வந்ததும் வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் அணி அமைப்பது பற்றித்தான் இருக்கும். இந்த முறையும் அப்படியே. புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்களும் எழுதியிருப்பதால் அடிப்படையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

கேள்வி: முதல் தடவையாக ஸ்பீட்வே பார்த்தேன். நாலு பைக், நாலு சுற்று, ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. இதை அணிப் போட்டி என்கிறார்கள். அணி எங்கே இருக்கிறது?

ஒவ்வொரு ஹீட்டிலும், அதாவது நீங்கள் பார்த்த அந்த நாலு சுற்றுப் பந்தயத்தில், அணிக்கு இரண்டு பேர் இறங்குவார்கள். உள்ளூர் அணிக்குச் சிவப்பு, நீல ஹெல்மெட். வந்த அணிக்கு வெள்ளை, மஞ்சள். முதலிடத்துக்கு 3 புள்ளி, அடுத்தவர்களுக்கு 2, 1, கடைசியில் வருபவருக்கு ஒன்றும் இல்லை. ஆக ஒரு ஹீட்டில் மொத்தம் 6 புள்ளி, 15 ஹீட்டுக்கு 90. எந்த அணி 46 எடுக்கிறதோ அது ஜெயிக்கும்.

அடுத்த முறை முன்னால் போகிறவரின் தலையை மட்டும் கவனியுங்கள். வளைவில் இருந்து வெளியே வரும்போது தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பார். தன் ஜோடி மூன்றாவதாக வருகிறார் என்றால் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் விட்டு, வெளிப்பக்கம் நகர்ந்து, எதிரணிக்காரர் வரக்கூடிய தடத்தில் போய் நின்றுகொள்வார். உள்பக்கம் திறந்த இடத்தில் ஜோடி நுழைந்துவிடுவார். 4-2 என்று முடிய வேண்டியது 5-1 ஆகிவிடும். பைக்கில் பிரேக் கிடையாது, ஓடும்போது கியர் மாற்றவும் முடியாது. 500 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சின், மெத்தனால் எரிபொருள். அதை வைத்துக்கொண்டு இப்படிப் பக்கத்தில் இருப்பவருக்கு வழிவிட்டு ஓட்டுவதைத்தான் இந்த விளையாட்டின் உச்சம் என்று நான் நினைக்கிறேன்.

கேள்வி: பணம் உள்ள கிளப் ஒன்று நான்கு உலகத்தர வீரர்களை வாங்கிப் போட்டால் யார் தடுப்பது?

விதி தடுக்கும். ஒவ்வொரு வீரருக்கும் ஒரு சராசரி உண்டு. எடுத்த புள்ளிகளோடு போனஸ் புள்ளிகளையும் கூட்டி, ஓடிய ஹீட்டுகளால் வகுத்து, நாலால் பெருக்க வேண்டும். 5 ஹீட்டில் 11 புள்ளியும் 1 போனஸும் என்றால் 12-ஐ 5-ஆல் வகுத்து நாலால் பெருக்க 9.60. எதிரணியிடம் தோற்காமலே ஓடுபவருக்கு 12 வரும், அதற்கு மேல் கிடையாது. போனஸ் என்பது ஜோடிக்கு நேர் பின்னால், எதிரணியில் ஒருவரையாவது முந்தி வந்தால் கிடைப்பது. அது அணியின் ஸ்கோரில் சேராது. சராசரியிலும் வீரரின் சம்பளத்திலும் சேரும். முன்னே சொன்ன அந்த வழிவிடும் வேலை வீண்போகாமல் இருப்பது இதனால்தான்.

சீசன் முடிந்ததும் கிளப் உரிமையாளர்கள் கூடி, அடுத்த ஆண்டுக்கு ஒரு வரம்பு வைப்பார்கள். ஏழு பேரின் சராசரியும் சேர்ந்து அதைத் தாண்டக் கூடாது. இந்த எண் ஆண்டுக்கு ஆண்டு, லீகுக்கு லீக் மாறும். கணக்குக்காக 40 என்று வைத்துக்கொள்வோம். 10-க்குப் பக்கத்தில் உள்ள மூன்று பேரை எடுத்தாலே 30 போய்விடும். மிச்சம் 10-ஐ நான்கு பேருக்குப் பிரிக்க வேண்டும், ஆளுக்கு 2.50. அந்த நால்வரும் பல ஹீட்டில் கடைசியாகத்தான் வருவார்கள்.

கேள்வி: போன ஆண்டு கோப்பை வாங்கிய அணியை ஏன் அப்படியே வைத்துக்கொள்வதில்லை? ரசிகர்களுக்கு மனசு உடைகிறதே!

உடையத்தான் செய்கிறது. இந்தச் சிறு கணக்கைப் பாருங்கள், காரணம் புரியும். ஒரு ஆட்டத்தில் 15 ஹீட், ஹீட்டுக்கு இருவர் என்று ஒரு அணிக்கு 30 ஓட்டம். சமபலமான அணி 45 புள்ளி எடுக்கும், ஓட்டத்துக்கு 1.5. நாலால் பெருக்கினால் 6. ஏழு பேருக்குச் சுமார் 42, போனஸ் சேர்ந்தால் இன்னும் மேலே. நடுத்தர அணியே 40-ஐத் தாண்டிவிடும்போது, எல்லா இடத்திலும் ஜெயித்த அணி எப்படி உள்ளே அடங்கும்? அவர்கள் ஒருவரையோ இருவரையோ விட்டுத்தான் ஆக வேண்டும்.

இந்த எண்ணம் புதிதும் அல்ல. 1965-இல் இரண்டு லீகுகளை இணைத்து பிரிட்டிஷ் லீக் தொடங்கியபோதே, பலவீனமான அணிகளுக்கு நல்ல வீரர்களை ஒதுக்கித் தரும் ஏற்பாடு இருந்தது. அன்று ஒரு குழு ஆளை மாற்றியது, இன்று எண் மாற்றுகிறது. நான் எண்ணின் பக்கம்தான். எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வரம்பை மிகவும் கீழே இறக்கும் ஆண்டுகளில், நன்றாக ஓட்டியதாலேயே சில வீரர்களுக்கு இடம் கிடைக்காமல் போகிறது. அது சரியில்லை. வரம்பை 42-ஐ ஒட்டி வைத்தால் யாரும் வீட்டில் உட்கார வேண்டியதில்லை.

கேள்வி: அப்படியானால் நல்ல அணியை எப்படித்தான் கட்டுவது? முதலில் நம்பர் ஒன்னை, அதாவது அணியின் நட்சத்திர வீரரைப் பிடிக்க வேண்டுமா?

பலரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். நான் ஆறாம் எண்ணிலிருந்தும் ஏழாம் எண்ணிலிருந்தும் தொடங்கச் சொல்வேன். அந்த இரண்டு இடமும் அணியிலேயே சராசரி குறைந்த இருவருக்கு. ரிசர்வ் என்று பெயர் இருந்தாலும் பெஞ்சில் உட்காருபவர்கள் இல்லை. இரண்டாவது ஹீட்டே அவர்களுக்குள்தான். அப்புறம், சரியாக ஓடாத சக வீரருக்குப் பதிலாகவும் மேனேஜர் அவர்களை இறக்கலாம். ஒரே ஆட்டத்தில் ஒருவர் 7 ஹீட் வரைகூட ஓடுவார்.

இப்போது யோசியுங்கள். சராசரி 10 உள்ள நட்சத்திரம் மேலும் எவ்வளவு ஏற முடியும்? ஏறக்குறைய ஒன்றும் இல்லை. 4.00 என்று குறிக்கப்பட்ட இளைஞர் 6.00 அளவுக்கு ஓட்டினால் ஒவ்வொரு ஓட்டத்திலும் அரைப் புள்ளி கூடுதல். ஐந்து ஓட்டத்துக்கு 2.5. அது எதிரணியிடமிருந்து வந்த புள்ளி என்பதால் வித்தியாசம் 5 ஆகிறது. லீகில் பல ஆட்டங்கள் அதற்கும் குறைந்த வித்தியாசத்தில் முடிகின்றன.

ஆகவே தேட வேண்டியது திறமைக்குக் கீழே சராசரி இருப்பவரை. போன ஆண்டு எலும்பு முறிந்து பாதி சீசன் தடுமாறியவர், தனக்கு ஒவ்வாத தளத்தில் சொந்த ஆட்டங்களை ஓடியவர், 20 வயதுக்குள் வேகமாக வளர்பவர். தளம் என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பூல் 299 மீட்டர், ஷெஃபீல்ட் ஓலர்டன் 361 மீட்டர். ஷெஃபீல்டில் வேகத்தை விடாமல் நீளமாகச் சறுக்குபவர் பூலில் திணறலாம். பாதி ஆட்டம் சொந்த மைதானத்தில்தான். அதற்கு ஏற்றவர் நான்கு பேர் வேண்டும்.

2021-இல் ஓடிய பீட்டர்பரோ அணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்காட் நிக்கோல்ஸ், ஹான்ஸ் ஆண்டர்சன், பியார்னே பெடர்சன், கிறிஸ் ஹாரிஸ் என்று நாற்பதை ஒட்டிய வயதுக்காரர்கள். கடைசி இடம்தான் என்று பலர் எழுதினார்கள். இறுதிப் போட்டியில் மான்செஸ்டரின் பெல் வியூ அணியை வென்று, பிரிட்டனின் மேல்மட்ட லீகான பிரீமியர்ஷிப்பின் கோப்பையைத் தூக்கினார்கள். பெரிய மாவீரர் என்று தனியாக யாரும் இல்லை, ஓட்டை என்று சொல்லும்படியும் யாரும் இல்லை. அந்த அணியை நினைத்தால் இன்றும் எனக்குச் சந்தோஷம்.

கேள்வி: அதே 2021-இல் வந்த ரைசிங் ஸ்டார் விதி பற்றி உங்கள் கருத்து?

முழு ஆதரவு. பிரீமியர்ஷிப் அணியில் பிரிட்டிஷ் இளைஞர் ஒருவருக்கு இடம் ஒதுக்காவிட்டால், வெளிநாட்டு வீரர்களுக்கு நடுவே அவர்களுக்கு ஓட வாய்ப்பே வராது. பிரிட்டிஷ் வீரர் டாய் வொஃபிண்டன் 2013, 2015, 2018 என்று மூன்று முறை உலகப் பட்டம் வென்றார். அடுத்தவர் வர வேண்டுமென்றால் 17 வயதில் நல்ல எதிராளிகளோடு தோற்றுப் பழக வேண்டும்.

கேள்வி: எங்கள் நம்பர் ஒன்னுக்குக் காயம். வேறு அணி வீரர் ஒருவர் எங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடினார். இது என்ன நியாயம்?

அவர் கெஸ்ட். பொதுவாக, வர முடியாதவரின் சராசரியைத் தாண்டாதவராக இருக்க வேண்டும். இதற்கு மாற்று ரைடர் ரீப்ளேஸ்மென்ட்: வராதவரின் ஓட்டங்களைச் சக வீரர்கள் ஆளுக்கு ஒன்றாகப் பகிர்ந்துகொள்வார்கள். அணியின் நடுவரிசை பலமாக இருந்தால் இரண்டாவதுதான் லாபம். நடுவரிசை வீரருக்குக் கூடுதல் ஓட்டம், கூடுதல் வருமானம், அணிக்குள் ஒட்டுதல். கெஸ்ட்டுக்கு அன்றைய தளம் பழக்கமாக இருந்தால் மட்டும் அவரைக் கூப்பிடலாம். ரசிகராக உங்கள் கோபம் எனக்கும் உண்டு. நேற்று எதிரியாகப் பார்த்தவருக்கு இன்று கைதட்டுவது கஷ்டம். ஆனால் இரண்டு பேர் ஒரே வாரத்தில் அடிபடும் விளையாட்டில் இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் ஆட்டமே நடக்காது.

கேள்வி: ஒரே வீரர் திங்கட்கிழமை ஒரு அணி, வெள்ளிக்கிழமை இன்னொரு அணி. எப்படி?

பிரீமியர்ஷிப்பிலும் அதற்குக் கீழே உள்ள சாம்பியன்ஷிப்பிலும் சேர்த்து ஓட விதி அனுமதிக்கிறது. இவர்கள் மாதச் சம்பளக்காரர்கள் இல்லை. பைக், எஞ்சின், வேன், மெக்கானிக் எல்லாம் அவரவர் செலவு. எடுக்கும் புள்ளிக்குத்தான் காசு. ஒரே லீகில் ஓடினால் பலருக்குக் கட்டாது. பெரிய பெயர்கள் போலந்து, ஸ்வீடன் லீகுகளிலும் ஓடுகிறார்கள்.

கேள்வி: தொடக்கக் கயிற்றைத் தொட்டால் வெளியேற்றமா?

அந்த இடத்திலிருந்து வெளியேற்றம். ஆனால் பிரிட்டிஷ் லீகில் மேனேஜருக்கு வழி உண்டு: ரிசர்வை இறக்கலாம், அல்லது அதே வீரரை 15 மீட்டர் பின்னால் நிறுத்தி ஓடவிடலாம். எதிராளிகள் பலவீனமாக இருந்தால் 15 மீட்டரை நல்ல வீரர் பிடித்துவிடுவார்.

கேள்வி: 14 ஹீட் முடிந்து நாங்கள் 40-44. நண்பர் எழுந்து கிளம்பிவிட்டார். சரியா?

அவசரப்பட்டுவிட்டார். கடைசி ஹீட்டுக்கு இரண்டு அணியும் தாங்கள் விரும்பும் இருவரைத் தேர்ந்தெடுக்கும். 5-1 எடுத்தால் 45-45.

கேள்வி: கோடையில் மான்செஸ்டர் போகிறேன். ஒரு ஆட்டம் பார்க்க வேண்டும். என்ன செய்யலாம்?

2016-இல் திறந்த நேஷனல் ஸ்பீட்வே ஸ்டேடியத்துக்குப் போங்கள், பெல் வியூ அணியின் வீடு அது. ஆட்டம் பெரும்பாலும் திங்கள் மாலையில். மழை பெய்தால் தள்ளிப்போகும் என்பதால் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி நிரல் புத்தகமும் ஒரு பேனாவும் கையில் இருக்கட்டும். ஒவ்வொரு ஹீட் முடிந்ததும் பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாரும் குனிந்து புள்ளி எழுதுவார்கள், நீங்களும் எழுதுங்கள். நிற்க முதல் வளைவுப் பக்கம் நல்லது. கருங்கண்ணாடி அணிந்தால் செம்மண் துகள் கண்ணில் விழாது. குழந்தைகள் வந்தால் காதுக்கு மூடி எடுத்துப் போங்கள்.